உத்தரவு பெறாத நிழல்கள்

மாடக்குறிச்சி அரண்மனையைச் சுற்றிப் பார்க்க வந்த நூற்றுப் பதினேழு பேருடைய நிழல்கள், அவர்களோடு வெளியே வராமல் கொலுமண்டபத்திலேயே தங்கிவிட்ட அந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், தையற்காரி இசக்கியம்மாள் தன் மகள் மாரிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணிக்கு உள்ளே போய் நான்கு மணிக்குத் திரும்பினாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்துக்கும் அதில் கட்டியிருந்த ஆட்டுக்கும் கிழக்கே நீண்டு கிடந்த நிழல் தனக்கும் மகளுக்கும் இல்லையென்பதைக் கண்டு, குடையை எங்கேயோ வைத்துவிட்டு வந்தவளைப்போல நாக்கைக் கடித்துக்கொண்டு, வந்த வழியே விரைந்து நடந்தாள். அதற்குள் அரண்மனைக் கதவைச் சாத்திவிட்டார்கள். நுழைவுச்சீட்டுக் கொடுப்பவர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே, நிழல் எங்கேயும் போய்விடாது, நாளைக்கு ஒன்பதரை மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். இசக்கியம்மாளும் அதை நம்பிப் பேருந்து ஏறினாள்.

அரண்மனைக்கும் அவள் பிறந்த தெற்குத் தெருவுக்கும் இடையே முக்கால் மைல் தூரந்தான். எனினும் நாற்பத்தெட்டு வயதுவரை அவள் அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. அரண்மனை அருங்காட்சியகமாகி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும், அவ்வழியே போகும்போது தெற்குத் தெருக்காரர்கள் காரணம் தெரியாமலேயே சாலையின் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடப்பார்கள். அன்றைக்கு மரபு வாரம் என்று தெருவில் இன்னும் சிலரும் துணிந்து உள்ளே போனார்கள்; அவளை இழுத்துக்கொண்டு போனவள் மாரிச்செல்விதான். காவலர் எழுத்துத் தேர்வில் தேறி, உடற்தகுதித் தேர்வுக்காக இரண்டு மாதமாக விடியற்காலையில் ஓடி ஓடிக் கால் வீங்கியிருந்த மகளுக்கு அந்த ஒரு நாள் ஓய்வு. அவள் ஆசைப்பட்டது அரண்மனையைப் பார்க்க. தேர்வு, சரியாகப் பதினைந்தாம் நாள் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு. முதலில் உயரம் பார்ப்பார்கள். நூற்று ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் இருந்தால்தான் ஓடவே விடுவார்கள். மாரிச்செல்வியின் உயரம் நூற்று அறுபத்தொன்று. தன் அளவுநாடாவால் வீட்டு நிலைக்கதவில் எத்தனையோ முறை அளந்து, ஒவ்வொரு முறையும் அந்த மிகையான இரண்டு சென்டிமீட்டரை விரலால் தடவிப் பார்த்து மகிழ்ந்தவள் இசக்கியம்மாள்.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு நூற்றுப் பதினேழு பேரில் பெரும்பாலோர் வந்து சேர்ந்திருந்தார்கள். கொலுமண்டபத்தின் உயரமான சாளரங்களிலிருந்து இறங்கிய வெளிச்சத்தில், முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றிய கறுப்புத் தரையின்மேல், அவர்களுடைய நிழல்கள் வரிசை வரிசையாக நின்றன. ஆள் இல்லாத அரியணையை நோக்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றன. உரியவர்கள் அருகில் போய் நின்றும் ஒட்டவில்லை, கூப்பிட்டும் திரும்பவில்லை. ஒருவர் தம் நிழலின்மேல் ஏறி நின்று பார்த்தார். அது கால்மாற்றி நின்றுகொண்டது. இவற்றையெல்லாம்விட, நிழல்கள் நின்ற ஒழுங்கைத்தான் ஊரார் கூர்ந்து பார்த்தார்கள். வந்தபோது எல்லோரும் அரியணைக்கு முன் குறுக்கே கட்டிய ஒரே கயிற்றுக்கு இப்பால் ஒன்றாகத்தான் நின்றார்கள்; நிழல்களோ யாரும் சொல்லாமலேயே பிரிந்துகொண்டிருந்தன. பெரியவீட்டு நெல்லையப்பனின் நிழல் அரியணைக்கு நேரே முதல் வரிசையில் நின்றது. கோயில் தெருவின் நிழல்கள் அதற்குப் பின்னும், கடைத்தெருவின் நிழல்கள் தூண்களின் ஓரத்திலும் நின்றன. வெளியூர்ப் பயணிகளின் நிழல்கள்கூடத் தத்தம் ஊரில் தமக்குரிய இடம் எதுவோ அதற்கேற்ப இடம்பிடித்திருந்தன. இசக்கியம்மாள் மண்டபம் முழுவதும் தேடிவிட்டுக் கடைசியில் வாசற்படிக்கு வெளியே, செருப்புகளைக் கழற்றிவைக்கும் நடையில், தெற்குத் தெருவின் இருபத்துமூன்று நிழல்களுக்கிடையே தன் நிழலையும் மகளின் நிழலையும் கண்டாள். அவை மட்டும் நிமிர்ந்து நிற்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டியவர்கள் குனிவதைப்போல, இடுப்பிலிருந்து மடங்கி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மாரிச்செல்வி தன் நிழலை வெகுநேரம் பார்த்தாள். "எம்மா, நான் இப்படி யாருக்கும் குனிஞ்சதே இல்லையே" என்று மட்டும் சொன்னாள்.

பிழை யாருடையது என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. காப்பாட்சியர் பரந்தாமன் நல்லவர். தம் வேலையில் மிகவும் நுட்பமானவர். அந்த நுட்பமே வினையாயிற்று. மரபு வாரத்தை முன்னிட்டுக் கொலுமண்டபத்தைப் பழைய தர்பார் எப்படியிருந்ததோ அப்படியே அமைத்துக் காட்ட விரும்பிய அவர், அரண்மனை நடைமுறைக் குறிப்பேட்டை எழுத்தெண்ணிப் படித்து, திரை தொங்கவிட வேண்டிய இடத்தில் திரையைத் தொங்கவிட்டு, அரியணைக்கு முன்னுள்ள முக்காலியில் வெள்ளித் தட்டில் நூற்றெட்டு வெற்றிலைகளை அடுக்கி வைத்திருந்தார். தட்டு வைக்கப்பட்டால் தர்பார் கூடிவிட்டது என்று பொருள். கூடிய தர்பாரிலிருந்து, அரியணையில் இருப்பவர் வெற்றிலை கொடுத்து உத்தரவு தராமல் ஒருவரும் போகக் கூடாது. உத்தரவு பெற்றாலும் அரியணைக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேற வேண்டும். இந்த விதி குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தை அவர் திங்கட்கிழமைதான் திருப்பினார். உடனே ஓடிப்போய்த் தட்டை எடுத்து அலமாரியில் பூட்டினார். நிழல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. தர்பாரைக் கூட்டத் தட்டு போதும். கலைக்க ஆள் வேண்டும்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள மூன்று நாள் பிடித்தது. புதன்கிழமைக்குள் வட்டாட்சியர் அலுவலகத்தில், இன்னார் நிழலின்றி இருப்பது அரண்மனைக் காரணத்தால்தான், வேறு தோஷத்தால் அன்று என்று சான்றளிக்கும் படிவம் ஒன்று வந்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். வயலில் வேலை செய்கிறவர்கள், நிழலைப் பார்த்துச் சாப்பாட்டு நேரம் சொல்லும் பொறுப்பை நிழல் உள்ளவர்களிடம் ஒப்படைத்தார்கள். தம் நிழலைத் தாமே பார்க்க வருகிறவர்களுக்கு வடக்கு வாசலில் தனி வரிசை விடப்பட்டது. பெரியவீட்டு நெல்லையப்பன் நாள்தோறும் பத்து மணிக்கு வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து, உறவினர்களையும் உடன் அழைத்துவந்து, முதல் வரிசையில் நிற்கும் தம் நிழலைக் கைநீட்டிக் காட்டினார். தேர்தலில் இரண்டு முறை தோற்றவர் அவர். சட்டம் வந்து எதை எதையோ மாற்றினாலும் யார் எங்கே என்பது தரைக்குத் தெரியும் என்று அவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கோயில் தெருக்காரர்கள் சிலர், தம் நிழல் இரண்டாம் வரிசையில் நிற்பது ஏதோ தவற்றினால் நேர்ந்தது என்று காப்பாட்சியரிடம் முறையிட்டார்கள். நிழல்களை விடுவிக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களைவிட, அவை அங்கேயே நிற்கட்டும் என்று மனுக் கொடுத்தவர்கள் அதிகம்.

இசக்கியம்மாளுக்கு இவை எதிலும் கருத்துச் செல்லவில்லை. வியாழக்கிழமை காலையில், ஓடிவிட்டு வந்த மகளை நிலைக்கதவில் நிறுத்தி அளந்தபோது நாடா நூற்று அறுபதைக் காட்டியது. நாடா நீண்டுவிட்டதென்று எண்ணிப் புது நாடா வாங்கிவந்து அளந்தாள். அதுவும் நூற்று அறுபதே காட்டியது. சனிக்கிழமை நூற்று ஐம்பத்தொன்பதரை. மறு திங்கட்கிழமை நூற்று ஐம்பத்தெட்டரை. நிழல் அங்கே குனிந்து நிற்கிறது. குனிவு மெல்ல மெல்ல உடலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. தெற்குத் தெருவிலிருந்து போன இருபத்துமூன்று பேருக்கும் இப்படித்தான் ஆயிற்று. குழாயடியில் குடத்தைத் தூக்கிவிட்டு நிமிரும்போது ஒவ்வொருவரும் ஓர் அங்குலம் முன்னதாகவே நின்றுவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒரு குறையும் இல்லை, மாடக்குறிச்சி என்றால் இது இப்படித்தான் இருக்கும் என்று வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின்மேல் குனிந்து பழகியிருந்த இசக்கியம்மாள், தன் முதுகும் வளைந்துகொண்டிருப்பதை உணரவே இல்லை. தன் கழுத்தில் கிடந்த நாடாவின் முனை முழங்காலைத் தொடுவதை ஒருநாள் கண்டபோது, நாடாதான் ஒரு பக்கமாக நழுவிவிட்டதென்று எண்ணினாள்.

மாரிச்செல்வி ஓடுவதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே ஓடினாள். சுவரில் முதுகை ஒட்டி நின்று, பின்னந்தலையைச் சுவரில் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட நிமிரப் பார்த்தாள்.  தாய் அளப்பாள், மகள் எண்ணைக் கேட்கமாட்டாள், தாய் சொல்லவும் மாட்டாள், ஆனால் நாடாவைச் சுருட்டும் விதத்திலிருந்தே மகள் தெரிந்துகொள்வாள்.

காப்பாட்சியர் பரந்தாமனிடம் இசக்கியம்மாள் ஒன்பது முறை போனாள். ஒன்பதாம் முறை அவர் தம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினார். அரச குடும்பத்தில் எஞ்சியிருப்பவர் ஒரே ஒருவர். ஜெயவீரத் துரை என்று பெயர். வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்று மதுரையில் இருக்கிறார். அவர் வந்து அரியணையில் அமர்ந்து உத்தரவு கொடுத்தால் நிழல்கள் போய்விடும். ஆனால் அரண்மனையை அரசிடம் ஒப்படைத்தபோது, இனி எக்காலத்திலும் அந்த இருக்கையில் அமர்வதில்லை என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அமரவிட்டால் அரசின் உரிமைக்கு இடையூறு வருமென்று துறை அஞ்சுகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, தம் கையெழுத்தில் பதினோரு பக்கம் எழுதி மேலே அனுப்பியிருப்பதாகவும், தேர்வு நாளை அதில் இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டிருப்பதாகவும் சொன்னார்.

அனுமதி சனிக்கிழமை மாலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் மூன்றரை மணி வரை, அரை மணி நேரம். அன்று காலை நாடா நூற்று ஐம்பத்தாறைக் காட்டியிருந்தது.

துரை அரைக்கைச் சட்டையும் கண்ணாடியும் அணிந்து, கையில் துணிப்பையோடு, பேருந்தில் வந்திறங்கினார். தமக்கு எதுவும் தெரியாது, சிறு வயதில் ஒருமுறை இந்த மண்டபத்தில் பந்து விளையாடி அடி வாங்கியதோடு சரி என்று அவர் சொன்னதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றமடைந்தார்கள். பரந்தாமன் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். கயிறு அவிழ்க்கப்பட்டது. துரை படியேறி, அரியணையின் விளிம்பில், யாருடைய வீட்டிலோ உட்காருகிறவரைப்போல ஒடுங்கி அமர்ந்தார். முக்காலியில் வைக்காமல் காவலாளி கையில் ஏந்திநின்ற தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்து நீட்டி, "உத்தரவு" என்றார். நெல்லையப்பனின் நிழல் முன்னே வந்து வணங்கி, பின்னோக்கி நடந்து மண்டபத்தைக் கடந்து, தன் உடையவரின் காலடியில் போய் ஒட்டிக்கொண்டது. நெல்லையப்பன் அதைக் குனிந்து பார்த்தார். மற்ற எவருடையதையும்போலத்தான் அது தரையில் கிடந்தது. அவர் வேட்டி மடிப்பை நீவிவிட்டு வெளியேறினார். அடுத்து இரண்டாம் வரிசை, அடுத்துத் தூணோரம். வெற்றிலை ஒவ்வொன்றாகக் குறையக் குறைய மண்டபம் காலியாயிற்று. மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்துக்குத் துரை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவுதானே என்று கேட்டார்.

பரந்தாமன் வாசற்படிக்கு அப்பால் கைகாட்டினார்.

துரை எழுந்து நின்று, நடையை நோக்கி வெற்றிலையை நீட்டி, உரக்க உத்தரவு சொன்னார். குனிந்த நிழல்கள் அசையவில்லை. இரண்டாம் முறை சொன்னார். குறிப்பேட்டின் தாள்களைப் புரட்டிய பரந்தாமனின் விரல் ஓரிடத்தில் நின்றது. அவர் அதை வாய்விட்டுப் படிக்காமல் துரையிடம் நீட்டினார். வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் தர்பாரைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆகவே அவர்களுக்கு உத்தரவு இல்லை. அவர்கள் தம் விண்ணப்பம் கேட்கப்படும்வரை நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

மண்டபத்தை நிறைத்திருந்த நிழல்கள் அகன்றதால், அதுவரை நுழையாத வெளிச்சம் அப்போது நடை முழுவதிலும் பரவியது. அதில் தெரிந்ததைக் கண்டு எல்லோரும் வாசற்படியருகே நெருங்கி வந்தார்கள். தெற்குத் தெருவிலிருந்து போனவர்கள் இருபத்துமூன்று பேர். நடையிலிருந்த நிழல்களோ சுவர்வரைக்கும், சுவரின்மேலும், மூலையிலிருந்த தீயணைப்பு வாளிகளின் பின்னும் அடுக்கடுக்காக நின்றன. தலைச்சுமையோடு ஒன்று, இடுப்பில் குழந்தையோடு ஒன்று, கையில் தடியும் முதுகில் கூடையுமாக ஒன்று. எந்த நாளில் எதைக் கேட்க வந்தனவோ, கேட்பார் இல்லாமல் அன்றிலிருந்து குனிந்தே நின்றன. எந்த நுழைவுச்சீட்டுக்கும் முந்தியவை அவை. இசக்கியம்மாள் அவற்றுள் எதையும் அறியமாட்டாள். எனினும் ஒரு நிழலின் கழுத்துச் சாய்வு அவளுடைய தந்தையின் கழுத்துச் சாய்வாகவே இருந்தது.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயி, உங்க விண்ணப்பம் என்னன்னு சொல்லுங்க. நான் கேக்குறேன். சீக்கிரம், நேரம் ஆயிட்டே இருக்கு" என்று இசக்கியம்மாளிடம் கெஞ்சும் குரலில் சொன்னார்.

அரை மணி முடிய ஐந்து நிமிடம் இருந்தது. காவலாளி சாவிக்கொத்தை எடுத்துவிட்டார். இசக்கியம்மாள் துரையின் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தாள். கேட்டுவிடலாம், ஒரு வரிதான், ஐயா, என் மகள் நிமிர வேண்டும். கேட்டால் கிடைக்கக்கூடும். அவளுடைய இரு கைகளும் அவளையறியாமலேயே மார்புக்கு நேரே எழுந்து ஒன்றுசேர்ந்தன. அவை ஒன்றுசேர்ந்த கணத்தில், வாசலுக்கு வெளியே அவளுடைய நிழல் இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தது. பக்கத்தில் நின்ற மகளின் முதுகிலும் அந்தத் தாழ்வு ஓடியதை அவள் கண்டாள்.

"எம்மா, கையை எறக்கு" என்றாள் மாரிச்செல்வி.

"ஏட்டி, நாளைக்குப் பரீட்சை. ஒத்த வார்த்தைதானே. சொல்லிட்டுப் போயிருவோம்."

"நாம என்ன கேட்டா வந்தோம்? பாக்க வந்தோம். பாத்தாச்சு." அவள் துரையைப் பார்த்து, கோபமில்லாமல், வகுப்பில் எழுந்து பதில் சொல்கிறவளைப்போலச் சொன்னாள்: "சார், உங்க மேல ஒண்ணும் இல்ல. எனக்கு உத்தரவு வேண்டாம்."

பிறகு அவள் தன் நிழல் குனிந்திருந்த இடத்துக்குப் போய், அதன் பாதங்களின்மேல் தன் பாதங்களை வைத்து, நிமிரத் தொடங்கினாள். பதினான்கு நாளாக நிழல் உடலை இழுத்தது; இப்போது உடல் நிழலை இழுத்தது. முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் ஓசை நடையில் கேட்டது. அவள் முகம் வெளுத்து, கீழுதடு பல்லில் சிக்கிக் கிழிந்தது. நிழல் முதலில் இடுப்பளவு எழுந்தது, நின்றது, மீண்டும் சரிந்தது, மீண்டும் எழுந்தது. தரையைவிட்டுத் தலையைத் தூக்கும்போது, காய்ந்த துணியைச் சுவரிலிருந்து உரிப்பதைப் போன்ற ஒலி வந்தது. முழுவதும் நிமிர்ந்ததும் மாரிச்செல்வி திரும்பினாள். அரியணைக்குத் தன் முதுகை நேராகக் காட்டிக்கொண்டு, செருப்பை எடுத்து அங்கேயே மாட்டிக்கொண்டு, முற்றத்து வெயிலில் இறங்கி நடந்தாள். அவள் நிழல் அவளோடு நடந்தது.

இசக்கியம்மாள் தனியே நின்றாள். திரும்புவதற்கு அவளுக்கு மகளைவிட அதிக நேரம் ஆயிற்று. அந்த ஆள் நல்லவர், வந்து உதவியவர், அவர்முன் முதுகைக் காட்டுவது மரியாதையன்று என்று ஒரு மனம் சொன்னது; அந்த மனம் தன்னுடையதா, நிழலுடையதா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. தன் நிழலின் பாதங்களின்மேல் போய் நின்று, இடுப்பில் கைகளை ஊன்றி, தையல் முடிந்த துணியை உதறுகிறவளைப்போலத் தன்னைத் தானே ஓர் உதறு உதறி நிமிர்ந்தாள். வலி கண்ணுக்குள் மின்னியது. பிடரியில் அரியணையின் பார்வை சூடாகப் படுவதை உணர்ந்துகொண்டே திரும்பினாள்; முதல் அடி வைத்தாள்; இரண்டாம் அடி வைத்தாள்; ஒன்றும் நேரவில்லை. அவளுக்குப் பின்னே தெற்குத் தெருக்காரர்கள் முனகியும் ஒருவர் தோளை ஒருவர் பற்றியும் நிமிர்ந்து திரும்பும் ஓசை கேட்டது. அதற்கும் பின்னே, காலோசையே இல்லாத ஒரு கூட்டம் தொடர்ந்து வந்தது. பரந்தாமன் மூன்றரை மணிக்குக் கதவைச் சாத்தியபோது நடையில் ஒரு நிழலும் இல்லை. அதைப் பதிவேட்டில் எப்படிக் குறிப்பது என்று தெரியாமல் அவர் பேனாவைத் திறந்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று பின்னர் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஆயுதப்படை மைதானத்தில் வெயில் கிடைமட்டமாக விழுந்துகொண்டிருந்தது. கம்பிவேலிக்கு வெளியே மற்றத் தாய்மாரோடு நின்ற இசக்கியம்மாள், மகளை அளந்து பார்க்காமலே கூட்டிவந்திருந்தாள். இரவெல்லாம் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தபோதும் நாடாவை எடுக்கவில்லை. அளவுக்கம்பத்தருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் ஆய்வாளர், மாரிச்செல்வி வந்து நின்றதும் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவளுடைய காலடியிலிருந்து ஒரு நிழலுக்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு நிழல்கள் விசிறிபோல விரிந்து மேற்கே நீண்டிருந்தன. ஆய்வாளர் விண்ணப்பத்தைப் புரட்டி, ஊர்ப் பெயரைப் படித்து, தலையசைத்துக்கொண்டார்.

"பின்னால வந்திருக்கிறவங்க தொந்தரவு பண்ணாம நேரா நிக்கச் சொல்லும்மா. அளக்கணும்."

"நேராத்தான் நிக்காங்க மேடம்" என்றாள் மாரிச்செல்வி.

காவலர் ஒருவர் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தை மெல்ல இறக்கினார். இசக்கியம்மாளுக்கு அது வெகு நேரம் இறங்கிக்கொண்டே இருப்பதாகப் பட்டது. மேற்கே நீண்ட நிழல்களின் தலைகள் மைதானத்தைக் கடந்து, வேலிக் கம்பிகளை ஊடுருவி, அவள் நின்ற இடம்வரை வந்திருந்தன; அவற்றுள் ஒன்றின்மேல் தன் கால் பட்டிருப்பதைக் கண்டு, அவள் ஓரடி பின்வாங்கி இடம்விட்டாள். சட்டம் தலையைத் தொட்டு நின்றது. காவலர் குனிந்து கோட்டைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு மேசைக்குக் கேட்கும்படி கூவினார்:

"நூற்று அறுபத்திரண்டு. அடுத்த ஆள் வா."